எழுத்தெண்ணிப் படிப்பதும் விரைந்து படிப்பதும்

இறையியல் கல்லூரியில் சேரும் மாணவர் ஒவ்வொருவருக்கும் முதல் வாரத்திலேயே வாசிக்க வேண்டிய நூல்களின் பட்டியல் ஒன்று தரப்படுகிறது. பழைய ஏற்பாட்டு முன்னுரை, திருச்சபை வரலாறு, சமயங்களின் ஒப்பாய்வு எனப் பாடத்திற்கு இரண்டு மூன்று நூல்களாக அப்பட்டியல் நீளும். அவற்றுள் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் உள்ளவை. தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்து வந்த மாணவர் இரவு உணவுக்குப் பின் நூலும் அகராதியுமாக அமர்ந்து, மணி பதினொன்றாகும்போது எட்டுப் பக்கங்களைத் தாண்டியிருப்பார். அடுத்த அறையில் இருப்பவரோ அதே நூலில் ஓர் அதிகாரத்தை முடித்துவிட்டு உறங்கச் சென்றிருப்பார். தமக்கு அறிவு மந்தம் என்றும், தமது அழைப்பே தவறானது என்றும் எண்ணிப் பெட்டியைக் கட்டியவர்களை நாம் கண்டிருக்கிறோம். வேறொருவர் கோடை விடுமுறையில் பணம் கட்டி விரைவு வாசிப்புப் பயிற்சி வகுப்பொன்றில் சேர்ந்தார். நிமிடத்திற்கு ஆயிரம் சொற்கள் வாசிக்க வல்லவர் என்ற சான்றிதழுடன் திரும்பினார். அடுத்த தேர்வில் அவருடைய விடைத்தாள் முந்தைய ஆண்டின் விடைத்தாளைவிட மெலிந்திருந்தது.

இவ்விரு திறத்தாரும் ஒரே தவறான கருத்தினால் துன்புற்றவர்கள் என்பதே நம் எண்ணம். விரைவு என்பது கண்ணின் திறமை என்று இருவரும் நம்பினர். முதலாமவர் அத்திறமை தமக்கு இல்லை என்று வருந்தினார். இரண்டாமவர் அதை விலைக்கு வாங்க முயன்றார். ஆகவே, வாசிக்கும்போது கண் உண்மையில் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம்.

கண் செய்யும் வேலை

1870களின் இறுதியில் பிரான்சு நாட்டுக் கண் மருத்துவர் எமில் ஜவால் ஒரு செய்தியை அறிஞர் உலகின் கவனத்திற்குக் கொண்டுவந்தார். வாசிக்கும் கண் வரியின்மீது சீராக நகர்வதில்லை. ஓரிடத்தில் நின்று, தாவி, மறுபடியும் நிற்கிறது என்பதே அது. அதன்பின் அமெரிக்கரான எட்மண்ட் ஹியூயி இத்தாவல்களைப் பதிவு செய்யக் கையாண்ட முறை, இன்று கேட்போருக்குக் கண் கூசும். பாரிஸ் சாந்தினாலான சிறு கிண்ணத்தை வாசிப்பவரின் விழிமேல் பொருத்தி, அதனோடு மெல்லிய அலுமினியக் குச்சியொன்றை இணைத்து, புகைக்கரி பூசிய உருளையின்மேல் கண்ணின் அசைவைக் கோடாக விழச் செய்தார். வாசிப்பின் உளவியலைப் பற்றி அவர் 1908இல் வெளியிட்ட நூல் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

பிற்காலக் கருவிகள் அளந்து காட்டியவற்றைச் சுருக்கமாகக் கூறலாம். ஆங்கிலம் வாசிப்பவரின் கண் ஒவ்வோர் இடத்திலும் ஏறத்தாழக் கால் நொடி தங்குகிறது. பின் ஏழு முதல் ஒன்பது எழுத்துகள் வரை தாவுகிறது. தங்கும் இடத்திற்கு இடப்புறம் மூன்று நான்கு எழுத்துகளும், வலப்புறம் பதினான்கு பதினைந்து எழுத்துகளும் மட்டுமே வாசிப்புக்குப் பயன்படுகின்றன. அவற்றுள்ளும் இன்ன எழுத்து என்று தெளிவாக அறியத்தக்கவை பாதியளவே. எஞ்சியவை அடுத்த சொல் எவ்வளவு நீளமானது, எங்கே தாவலாம் என்பதற்கான குறிப்பை மட்டும் தருகின்றன. விழித்திரையின் நடுவிலுள்ள சிறு குழியே நுண்ணிய வடிவங்களைப் பிரித்தறியும் ஆற்றலுடையது என்பதே இதற்குக் காரணம். பயிற்சியினால் அக்குழியைப் பெரிதாக்க இயலாது. ஒரே பார்வையில் ஒரு வரியை, ஒரு பத்தியை, ஏன் ஒரு பக்கத்தையே வாசிக்கலாம் என்று கூறுவோர், கண்ணின் அமைப்பு இடம் தராத ஒன்றை வாக்களிக்கின்றனர்.

எபிரேயம் பயிலும் நம் மாணவர்களுக்கு இன்பம் தரக்கூடிய செய்தியொன்று உண்டு. எபிரேயத்தை வலமிருந்து இடமாக வாசிக்கும் இஸ்ரவேல் நாட்டவரை 1980களின் தொடக்கத்தில் ஆராய்ந்தபோது, அவர்களுடைய பார்வை எல்லை இடப்புறமாக நீண்டிருப்பது தெரிந்தது. அதே மனிதர் ஆங்கிலத்தைக் கையில் எடுத்தவுடன் எல்லை வலப்புறமாக மாறிவிடுகிறது! கண் அன்று, கண்ணை ஏவுகிற கருத்தே வாசிக்கிறது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

கண் சில வேளைகளில் பின்னோக்கியும் தாவுகிறது. தேர்ந்த வாசகரிடத்திலும் பத்துத் தாவல்களில் ஒன்றேனும் பின்னோக்கியதாகவே இருக்கும். இதைத் தீய பழக்கம் என்று பல பயிற்சி நூல்கள் கண்டிக்கின்றன. கவனம் சிதறியதால் மீண்டும் வரியின் தொடக்கத்திற்குப் போவது கண்டிக்கத்தக்கதே. ஆனால், ஒரு வாக்கியத்தின் எழுவாய் எதுவென்று தவறாகக் கொண்டுவிட்ட கண் அத்தவற்றைத் திருத்திக்கொள்ளத் திரும்புகிறது. அதைத் தடுத்தால் என்ன ஆகும் என்பதை 2014இல் அமெரிக்க ஆய்வாளர் சோதித்தனர்; வாசித்து முடித்த சொற்களைத் திரையில் மறைத்துவிட்டபோது வாசகரின் புரிதல் குறைந்தது. சொற்களை ஒவ்வொன்றாக ஒரே இடத்தில் மின்னச் செய்யும் கைப்பேசிச் செயலிகளை நம்புவோர் இதைக் கருத்திற் கொள்வாராக.

எவலின் வுட் அம்மையாரின் இயக்கம்

விரைவு வாசிப்பு என்ற சொல்லை வீடுதோறும் கொண்டுசேர்த்தவர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பள்ளி ஆசிரியையான எவலின் வுட் அம்மையார் (1909–1995). முதுகலைப் பட்டத்திற்காகத் தாம் எழுதிய எண்பது பக்கக் கட்டுரையைப் பேராசிரியர் ஒருவர் தம் கண்முன்பாகவே சில நிமிடங்களில் வாசித்து முடித்து, அதன் குறைகளையும் எடுத்துக் கூறியது அவரை வியப்பில் ஆழ்த்தியதாம். அவ்வாறு வாசிக்கும் பிறரைத் தேடி ஆராய்ந்தார். ஒரு நாள் சலிப்புற்று எறிந்த புத்தகத்தை எடுத்து அதன் தாளில் ஒட்டிய மண்ணைத் துடைத்தபோது, கை போகும் வழியே கண்ணும் போவதைக் கண்டார் என்பது அவரைப்பற்றி வழங்கும் கதை. 1959இல் வாஷிங்டன் நகரில் அவர் தொடங்கிய பயிற்சி நிறுவனம் விரைவில் நாடெங்கும் கிளைத்தது. கென்னடி, நிக்சன், கார்ட்டர் ஆகிய குடியரசுத் தலைவர்களின் காலங்களில் வெள்ளை மாளிகை அலுவலரும் இப்பயிற்சியைப் பெற்றனர். கையைத் தாளின்மேல் வளைந்து வளைந்து இறங்கச் செய்து, கண்ணை அதன்பின் ஓடவிடுவதே முறை.

இம்முறையில் தேறியவர்களை மார்செல் ஜஸ்ட், பட்ரீசியா கார்ப்பெண்டர், மைக்கேல் மாசன் என்ற ஆய்வாளர் 1980களில் பரிசோதித்தனர். பயிற்சி பெற்றவர் நிமிடத்திற்கு ஏறத்தாழ 700 சொற்கள் வாசித்தனர். அவர்களோடு, பயிற்சியே இன்றி, "மேலோட்டமாகப் பார்த்துச் செல்லுங்கள்" என்று மட்டும் சொல்லப்பட்டவர்களும், இயல்பாக வாசிப்பவர்களும் ஒப்பிடப்பட்டனர். எளிய பகுதிகளின் பொதுக் கருத்தை உரைப்பதில் பயிற்சி பெற்றவர், மேலோட்டமாகப் பார்த்தவரைவிடச் சற்று மேம்பட்டனர். கடினமான பகுதிகளிலும் நுட்பமான விவரங்களிலும் அவ்வேறுபாடு மறைந்துபோயிற்று. இயல்பாக வாசித்தவரோ இரு சாராரையும்விட நன்கு புரிந்துகொண்டனர். கண் தங்காத இடத்திலிருந்த விவரத்தைப் பயிற்சி பெற்றவரால் சொல்ல இயலவில்லை. 2016இல் கீத் ரேய்னர் முதலிய ஐந்து அறிஞர் அதுவரை வெளிவந்த ஆய்வுகள் அனைத்தையும் தொகுத்து எழுதிய கட்டுரையும் இதையே கூறிற்று: விரைவு கூடுமிடத்து நுட்பம் குறையும், இரண்டையும் ஒருங்கே தரும் குறுக்குவழி இல்லை.

அப்படியானால் அம்மையார் கற்பித்தது வெறும் மாயையா? அவ்வாறு சொல்வது நியாயமன்று. நுனிப்புல் மேய்வதைத் தமிழர் இழிவாகவே பேசுகிறோம். எனினும், எந்த வயலில் புல் நன்றாக இருக்கிறது என்று பார்த்துவர நுனிப்புல் மேய்வது தேவைதான். அம்மையாரின் மாணவர் அதைத் திறம்படச் செய்தனர். அதை முழு வாசிப்பு என்று அழைத்ததே பிழை.

வாயும் செவியும்

கந்தாகே அரசியின் மந்திரி இரதத்தில் அமர்ந்து ஏசாயாவை வாசித்ததைப் பிலிப்பு காதால் கேட்டார் என்று அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. அக்காலத்தில் வாய்விட்டு வாசிப்பதே பெருவழக்கு. மிலான் நகரில் அம்புரோஸ் பேராயர் நாவும் உதடும் அசையாமல் வாசித்ததை அகுஸ்தீனார் தம் அறிக்கைகள் என்னும் நூலில் குறிப்பிட்டு, அதற்குக் காரணமும் தேடுகிறார். மௌன வாசிப்பு அக்காலத்தவர் அறவே அறியாததன்று எனப் பிற்கால அறிஞர் காட்டியுள்ளனர். ஆயினும் அது குறிப்பிடத்தக்கதாக இருந்தது என்பது உண்மை. சீனாய்ப் பிரதியின் படத்தைப் பார்த்தவர்கள் காரணத்தை எளிதில் உணர்வர். பக்கத்திற்கு நான்கு பத்திகள். சொற்களுக்கிடையே இடைவெளி கிடையாது. எழுத்துகள் சங்கிலிபோல் தொடர்கின்றன. ஓசையாக்கிப் பார்த்தாலன்றிச் சொல் எங்கே முடிகிறது என்று அறிவது கடினம். இலத்தீன் எழுத்தில் சொற்களைப் பிரித்து எழுதும் வழக்கத்தை ஏழு, எட்டாம் நூற்றாண்டுகளில் பரப்பியவர்கள் அயர்லாந்துத் துறவியர். இலத்தீன் அவர்களுக்குத் தாய்மொழி அன்று. பிற மொழியை வாசிக்கத் திணறியவர்களே உலகத்திற்கு இவ்வுதவியைச் செய்தனர் என்பது நம் முதலாண்டு மாணவருக்கு ஆறுதலாகட்டும்.

நம் ஓலைச்சுவடிகளும் இடைவெளியின்றி, புள்ளியுமின்றி எழுதப்பட்டவையே. வாய்விட்டு ஓதிக் கற்கும் மரபு நமக்கு இயல்பாக அமைந்ததில் வியப்பில்லை. அம்மரபில் வளர்ந்தவர் பலர் மௌனமாக வாசிக்கும்போதும் உதட்டை அசைக்கின்றனர். உதட்டசைவு விரைவைப் பேச்சின் வேகத்திற்குள் கட்டிவிடும். ஆகவே அதை விடலாம். மேலுதட்டில் ஒரு விரலை வைத்துக்கொண்டு சில நாள் வாசித்தால் அது தானே நின்றுபோகும். ஆனால் உள்ளத்துக்குள் ஒலிக்கும் குரலையும் அடக்க வேண்டும் என்று சிலர் போதிப்பதை நாம் ஏற்பதற்கில்லை. அக்குரலைத் தடைசெய்து பார்த்த ஆய்வுகளில், வாக்கியங்களை ஒன்றோடொன்று இணைத்துப் பொருள் காண்பது குன்றியதாகத் தெரிகிறது. கவிதையாக எழுதப்பட்ட தீர்க்கதரிசன நூலொன்றை உட்குரல் இன்றி வாசிப்பவர் அதில் எதைக் கேட்பார்?

சொற்களை எண்ணுவது பற்றி ஒரு சொல்

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட வளர்ந்தவர், கதையல்லாத நூல்களை நிமிடத்திற்குச் சராசரியாக 238 சொற்கள் வீதம் மௌனமாக வாசிக்கின்றனர் என்பது, மார்க் பிரிஸ்பார்ட் 2019இல் 190 ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட கணக்கு. முன்னர்ப் பயிற்சி நூல்களில் 300 என்று அச்சிட்டு வந்தனர். அதைப் பார்த்து மனம் சோர்ந்தவர் எத்தனை பேரோ!

இந்த அளவுகோலைத் தமிழுக்கு அப்படியே பொருத்துவது பிழை. 2012இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே பொருளுடைய பகுதிகள் பதினேழு மொழிகளில் வாய்விட்டு வாசிக்கப்பட்டன. ஆங்கிலத்தார் நிமிடத்திற்கு 228 சொற்கள், பின்லாந்தினர் 161 சொற்கள். பின்லாந்தினர் மந்தமானவர்கள் என்பதன்று பொருள்; அவர்கள் மொழியில் வேற்றுமை உருபும் பிறவும் சொல்லோடு ஒட்டி நிற்கின்றன. தமிழும் அத்தகைய ஒட்டுநிலை மொழியே. "செய்துகொண்டிருந்தவர்களுக்கும்" என்பது நமக்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் அதுவே பல சொற்களாகிவிடும். எனவே, தமிழ் நூலை நிமிடத்திற்கு இத்தனை சொற்கள் வாசிக்கிறேன் என்று எண்ணி ஆங்கிலத்தோடு ஒப்பிட்டு வருந்துவது வீண்.

விரைவு எங்கிருந்து வருகிறது

நம் சபைகளில் முதியவர் சிலரைக் காண்கிறோம். செய்தித்தாளின் ஒரு பத்தியைக் கடக்க அவர்கள் பெரும்பாடு படுவர். அவர்கள் கையில் சங்கீதங்களைக் கொடுங்கள். நீண்ட புணர்ச்சிச் சொற்களையும் தங்குதடையின்றி வாசிப்பர். கண் ஒன்றே, கண்ணாடியும் ஒன்றே. சொற்கள் அறிமுகமானவை, அடுத்து வருவதும் தெரியும், அவ்வளவே வேறுபாடு. விரைவாக வாசிப்பவரின் இரகசியம் முழுவதும் இங்கேயே அடங்கியிருக்கிறது என்று நாம் கருதுகிறோம். தெரிந்த சொல்லின்மேல் கண் நெடுநேரம் தங்குவதில்லை. தெரிந்த பொருளில் கருத்து தயங்குவதில்லை.

இதனால் செய்யத்தக்கவை சில உண்டு. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஜே சாமுவேல்ஸ் 1979இல் விளக்கிய முறை மிக எளியது: ஒரு சிறு பகுதியைத் தடையின்றி வாசிக்கும்வரை திரும்பத் திரும்ப வாசிப்பது, பிறகே அடுத்த பகுதிக்குச் செல்வது. அடுத்த பகுதியின் முதல் வாசிப்பே முன்னதைவிட விரைவாக இருப்பதை அவர் கண்டார். அவர் முறையை அறியாமலேயே அதைக் கையாண்ட ஒருவர் நம் மண்ணில் இருந்தார். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், மணலில் எழுதிப் பயிலும் பிள்ளைகளோடு அமர்ந்து தமிழ் எழுத்தைக் கற்றார். தாம் பின்பற்ற விரும்பிய தமிழ் நூல்களை, அவற்றில் அறியாத சொல்லே இல்லை என்னும் நிலை வரும்வரை, மீண்டும் மீண்டும் வாசிக்கச் செய்து கேட்டதாகக் கடிதமொன்றில் எழுதியுள்ளார். 1708இல் அவர் தொகுத்த தமிழ் நூற்பட்டியலில் நூற்றுக்கு மேற்பட்ட நூல்கள் இடம்பெற்றன. எழுத்தெண்ணிப் படித்ததே அவருக்கு விரைந்து படிக்கும் ஆற்றலைத் தந்தது.

ஆங்கில நூலுடன் போராடும் மாணவர் முதல் இருபது பக்கங்களை இவ்வாறு இருமுறை வாசிப்பாராக. ஓர் ஆசிரியர் பழகிய சொற்களையே மீண்டும் மீண்டும் ஆளுவார். அவரோடு பழகிவிட்டால் வழி எளிதாகும். ஒரு பாடத்தில் தமிழில் சிறு நூல் ஏதேனும் இருப்பின் அதை முதலில் வாசித்துவிட்டு ஆங்கிலத்திற்குச் செல்வது தாழ்வன்று, அதுவே நேர்வழி. அகராதியைத் தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் புரட்ட வேண்டா. சொல்லின் அடியில் பென்சிலால் மெல்லிய கோடிட்டு, பத்தியை முடித்து, அதன் பொருளை ஊகித்தபின் பார்த்தால் போதும். மூன்று முறை எதிர்ப்படும் சொல்லை மட்டும் குறிப்பேட்டில் எழுதலாம். (நூலகத்துப் புத்தகத்தில் கோடிடுவோரை நூலகர் மன்னிக்கமாட்டார், அங்கே ஒரு தாள் துண்டு வைத்துக்கொள்க.)

எதை எவ்வளவு விரைவாக

எல்லா நூலையும் ஒரே வேகத்தில் வாசிப்பதே நம் மாணவரிடம் நாம் காணும் பெருங்குறை. முகவுரையின் முதற்சொல்லில் தொடங்கி, அடிக்குறிப்பையும் விடாமல் சென்று, முப்பதாம் பக்கத்தில் களைத்துப்போகின்றனர். மார்ட்டிமர் ஆட்லர் 1940இல் எழுதி, 1972இல் சார்லஸ் வான் டோரனுடன் சேர்ந்து விரிவுபடுத்திய நூலில், ஆழ்ந்த வாசிப்புக்கு முன்னர் ஒரு நோட்டமிடும் வாசிப்பு வேண்டும் என்று வற்புறுத்தினார். பொருளடக்கம், முன்னுரை, பெயரடைவு, இறுதிப் பக்கங்கள் ஆகியவற்றை அரை மணி நேரம் பார்த்தால், இந்நூல் தனக்கு வேண்டியதா, வேண்டுமெனில் எந்த அதிகாரம் என்பது தெரிந்துவிடும். அமெரிக்காவின் ஓஹையோவில் பணியாற்றிய பிரான்சிஸ் ராபின்சன் 1946இல் வெளியிட்ட நூலிலும் நோட்டமிடுதலே முதற்படி. தலைப்புகளைக் கேள்விகளாக மாற்றுதல், அக்கேள்விகளுக்கு விடை தேடி வாசித்தல், நூலை மூடிவிட்டு விடையைத் தன் சொற்களில் சொல்லுதல், பின் சரிபார்த்தல் என்பன ஏனைய படிகள். இவற்றுள் நூலை மூடிவிட்டுச் சொல்லிப் பார்ப்பதே மாணவர் விட்டுவிடும் படி. பயனில் அதுவே தலையாயது.

கார்ல் பார்த்தின் திருச்சபைக் கோட்பாட்டியலைக் கண்டு அஞ்சாத மாணவர் இல்லை. பதின்மூன்று பகுதிகளாக அலமாரியின் ஒரு தட்டை நிரப்பி நிற்கும் நூல் அது. அதில் வாதத்தின் முதன்மை ஓட்டம் பெரிய எழுத்திலும், வேத ஆராய்ச்சியும் வரலாற்று விவாதங்களும் சிறிய எழுத்திலும் அச்சாகியுள்ளன. முதல் வாசிப்பில் பெரிய எழுத்தை மட்டும் தொடர்ந்து, கட்டுரைக்குத் தேவையான இடத்தில் மட்டும் சிறிய எழுத்துக்குள் இறங்கலாம். விரிவுரை நூல்களை எவரும் முதலிலிருந்து கடைசிவரை வாசிப்பதில்லை. அவை தேடிப்பார்க்கும் நூல்கள். வாழ்க்கை வரலாறுகளை ஓட்டமாகவே வாசிக்கலாம். ஜான் வெஸ்லி குதிரைமேல் கடிவாளத்தைத் தளரவிட்டபடியே வரலாறும் கவிதையும் வாசித்துச் சென்றார். நம் ஆயர்கள் பேருந்தில் அவ்வாறு செய்யத்தக்க நூல்கள் பல உண்டு. சாலைகளைப்பற்றி நாம் ஒன்றும் சொல்வதற்கில்லை.

விரலையோ பென்சிலையோ வரியின் அடியில் நகர்த்திச் செல்வது பற்றிப் பலர் கேட்கின்றனர். அது கண்ணின் ஆற்றலைப் பெருக்குவதில்லை. ஆயினும் மாலைக் களைப்பில் கவனம் அலையும்போது, வரி தவறாமல் செல்ல அது ஓர் ஊன்றுகோல். தேவைப்படுவோர் வெட்கப்படாமல் பயன்படுத்தலாம்.

முன்னேற்றத்தை அறிய நாம் பரிந்துரைப்பது இது. மாதத்தின் முதல் திங்கட்கிழமை, ஒரே பாடத்தைச் சேர்ந்த நூலில் சரியாக ஒரு மணி நேரம் வாசியுங்கள். நூலை மூடி, வாசித்தவற்றை நினைவிலிருந்து அரைப் பக்கம் எழுதுங்கள். அத்தாளின் ஓரத்தில் பக்கங்களின் எண்ணிக்கையைக் குறித்துவையுங்கள். எழுதியதில் பிழையிருப்பின் அம்மாதத்து எண்ணைக் கணக்கில் சேர்க்க வேண்டா. இவ்வாறு ஆண்டு முழுவதும் செய்த மாணவர் ஒருவர், ஜூலையில் ஆறு பக்கமாக இருந்தது மார்ச்சில் பதினைந்தாயிற்று என்று தாள்களைக் கொண்டுவந்து காட்டினார். பெட்டியைக் கட்டியவர்களுள் அவரும் ஒருவர். நல்ல வேளையாக அன்று பேருந்து தவறிவிட்டது.

எபிரேய வகுப்புக்கு மட்டும் இக்கணக்கு வேண்டா. அங்கே ஒரு வசனத்திற்கு ஒரு மாலை முழுவதும் செலவானாலும் நாம் குறை சொல்லமாட்டோம்.